கல்லைச் சுடுகிறவள்

வாய்சினா, சவாயி தீவு
பிப்ரவரி 7, 1983

தம்பி அபெராமோவுக்கு,

என் ரொட்டி அடுப்பை நிறுத்திவிடுவதாக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கார்ல்சன் கம்பெனிக்கு நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். இது தவறு. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன்.

ஆண்டவன் தயவில் நான் சுகம். மழைக்கு முழங்கால் முனகுகிறது, வேறொன்றும் இல்லை. நீயும் லூசியும் சுகமா? மரியா தட்டச்சுப் பரீட்சை எழுதினாளா? பெதேலோ எப்படி இருக்கிறான்? வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு வந்து விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் போவான். இந்தத் தடவை வரவில்லை. கட்டைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை கப்பல்துறைப் பேருந்து என் கடை வாசலில் நின்றது. டிரைவர் சாமு பெட்டி பெட்டியாக இறக்கினான்.

"என்னடா இது, யார் வீட்டுக் கல்யாணம்?" என்றேன்.

"கம்பெனி ரொட்டிம்மா. இனிமே இதைத்தான் நீங்க விக்கணுமாம். ஈஸ்டரோட அடுப்பை மூடிரணுமாம்."

"எவன் சொன்னான்?"

"உங்க தம்பிதான் கையெழுத்து போட்டிருக்காரு. என்னைப் பாத்து முறைக்காதீங்க, நான் வண்டி ஓட்டுறவன்."

புயல் அடித்த வருஷம் எரிமலைக் கல்லைத் தோளில் சுமந்து வந்து அந்த அடுப்பைக் கட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு தடவை இடிந்தது, மூன்றாம் தடவை நின்றது. அபியாவில் இருந்து நீ மாவும் ஈஸ்ட்டும் அனுப்புவாய். உரிமம் உன் பெயரில், நெருப்பு என் கையில். அதுதான் நம் ஏற்பாடு. உனக்குக் குடும்பத் தலைவன் பட்டம் கொடுத்த நாளில் நான் தலையாட்டிய பிறகுதான் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சகோதரிக்கும் சகோதரனுக்கும் நடுவில் இருப்பதும் ஓர் ஒப்பந்தம்தான். அதற்குக் கையெழுத்து கிடையாது. அதனால் அதைக் கையெழுத்துப் போட்டு முறிக்கவும் முடியாது.

ஏன் செய்தாய் என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
செனெதிமா

*

அபியா, உபோலு தீவு
பிப்ரவரி 24, 1983

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

கடவுள் கருணையால் இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்காலை நினைத்துத்தான் கவலை. லூசி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், கப்பலில் சாமு பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். மரியா பரீட்சையில் தேறிவிட்டாள். தேவாலயத்துக்குப் புதுக் கூரை போடுகிறார்கள். பாடகர் குழுவில் என்னைத் தாழ்ந்த குரலுக்கு மாற்றிவிட்டார்கள், வயதாகிறதே. நாய்க்குக் காலில் முள் குத்தியது, அதுவும் ஆறிவிட்டது.

அடுப்பு விஷயம். அக்கா, உங்களுக்கு அறுபத்தாறு வயது. காலை எழுந்ததிலிருந்து புகையில் நிற்கிறீர்கள். கண் கலங்கித்தான் எப்போதும் இருக்கிறது. கம்பெனி ரொட்டி தானாக வந்து இறங்கும், நீங்கள் உட்கார்ந்து விற்றால் போதும். காலம் மாறிவிட்டது. கார்ல்சன் முதலாளி கெட்டவர் இல்லை, அவர் அம்மா நம் தீவுக்காரிதான்.

உங்களைக் கேட்காதது பிழைதான். தயவுசெய்து இதைப் பெரிதாக்க வேண்டாம்.

லூசியும் மரியாவும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் தம்பி,
அபெராமோ

*

வாய்சினா
மார்ச் 10, 1983

தம்பி அபெராமோவுக்கு,

சுகம். எண்ணெய் வந்தது, லூசிக்கு நன்றி சொல். மரியாவுக்கு என் முத்தம். நாய்க்கும் என் விசாரிப்பைச் சொல்.

நாயின் கால்வரை எழுதியவன் மகனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறதி என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுப்புப் புகையில்தான் நீ வளர்ந்தாய். அப்போது என் கண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உன் காரணம் எனக்கு ஜீரணமாகவில்லை. வேறு காரணம் இருந்தால் எழுது.

போன வாரமும் ரொட்டி வந்தது. பக்கத்து வீட்டு ஃபலேதோ ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தான். உனக்குத்தான் தெரியுமே, எழுபது வயதாகியும் வாய் மட்டும் அடங்காதவன்.

"செனெதிமா, இது ரொட்டியா, தலகாணியா?"

"டீசல் வாடை வருதா?"

"வருது."

"அப்ப அது கப்பல்ல வந்த ரொட்டி. தலைக்கு வச்சுத் தூங்கு, கனவுல அபியா தெரியும்."

மீதிப் பெட்டிகளைப் பிரிக்காமல் சாமுவின் வண்டியில் ஏற்றிவிட்டேன். "திருப்பி அனுப்பினா முதலாளி கத்துவாரும்மா" என்றான். "கத்தட்டும், அவருக்கும் நெஞ்சு விரியும்" என்றேன்.

நான் மாவு பிசைந்தேன். சுட்டேன். விற்றேன். ஈஸ்டருக்குப் பிறகும் அதையே செய்வேன். உன் முதலாளியிடம் அப்படியே சொல்லிவிடு.

செனெதிமா

*

அபியா
மார்ச் 29, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கம்பெனி வக்கீல் என்னை வரச் சொல்லிப் பேசினார். இரு தரப்பும் அபியாவில் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கோர்ட்டு என்கிறார். நீங்கள் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி என்னால் மாவு அனுப்ப முடியாது அக்கா. இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். காரணம் கேட்காதீர்கள். கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

அபெராமோ

*

வாய்சினா
ஏப்ரல் 25, 1983

தம்பி அபெராமோவுக்கு,

சுகம். உன் வீட்டில் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். அனைவரும்.

மாவு தீர்ந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் மூட்டையை உதறிச் சுட்டதுதான் கடைசி. இங்கே தீவில் கிடைக்கும் மாவெல்லாம் கார்ல்சன் கிடங்கிலிருந்து வருகிறது. கடைக்காரர்களிடம் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை. எரிமலைக் கல் தண்ணீர் குடிக்கும். இந்த மழையில் சும்மா விட்டால் ஈரம் ஏறும், அப்புறம் ஒரு நாள் சேர்ந்தாற்போல் நெருப்பு வைத்தால் வெடிக்கும். அதனால் தினமும் தேங்காய் மட்டையைப் போட்டு மூட்டுகிறேன். வெறும் அடுப்பு எரிகிறது. ஊரே சிரிக்கிறது. பிள்ளைகள் வேலியோரம் நின்று "கிழவி கல்லைச் சுடுறா" என்று பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

ஃபலேதோ வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "செனெதிமா, கல்லு வெந்துச்சா? வெண்ணெ கொண்டு வரட்டா?"

"பல்லு இருந்தா கொண்டு வா. வெண்ணெ நான் தரேன்."

அவர்கள் சிரிக்கட்டும். நீ என்னிடம் காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். பெதேலோ எங்கே?

செனெதிமா

*

வாய்சினா
ஜூன் 20, 1983

அபெராமோ,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. மே மாதம் முழுக்க சாமுவின் பேருந்தைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நீண்டுவிட்டது.

போன புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். பெயர் பெனினா. மலைக்கு அந்தப் பக்க ஊரில் வாழ்க்கைப்பட்டவள், பிறந்தது உங்கள் உபோலு தீவின் தென்கரையில். பேருந்தில் போகிறபோது என் புகையைப் பார்த்து ரொட்டி இருக்கிறது என்று இறங்கிவிட்டாள்.

"ரொட்டி இல்லம்மா" என்றேன்.

"பின்ன எதுக்கு எரிக்கிறீங்க?"

"கோபத்துக்கு."

சிரித்தாள். உட்காரச் சொல்லிக் கொக்கோ கொடுத்தேன். அவித்த சீமைப்பலா கொடுத்தேன். ஊருக்குத்தான் போகிறாளாம். அவளுடைய தம்பி தாவிதா, அபியாவில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் காவல்காரனாக இருந்தவன். போன நவம்பரில் கம்பெனி லாரி பின்னால் வந்து அவனைக் கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று முதலாளி சொன்னாராம். ஒரு பெட்டி டின் மீனும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம்.

"லாரியை ஓட்டினது யாரு?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. தாவிதா பாத்தான்ல? சவாயிப் பையனாம், கூட வேலை செஞ்சவன்தான். சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவன். லாரி இடிச்சது எங்க விதின்னு வச்சுக்குவோம். ஆனா இடிச்சவன் ஒரு நடை வந்து எட்டிப் பாக்கலையே. அவன் வீட்டுக்காரங்க ஒருத்தர் வரலையே. அதுதான் எங்கம்மாவை அரிக்குது. தினம் காலையில எழுந்து வாசலைப் பாக்குது. இன்னைக்காவது யாராவது வந்து உக்காந்திருக்காங்களான்னு."

அவள் போகும்போது இருந்த சேம்பில் பாதியை மடியில் கட்டிக் கொடுத்தேன். என் பெயரைக் கேட்டாள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் வந்தாள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் யாருடைய நலமும் விசாரிக்கவில்லை. அதைக் கவனி.

செனெதிமா

*

அபியா
ஜூலை 2, 1983

அக்கா,

உங்கள் கடிதத்தை லூசிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெதேலோதான். அன்று சனிக்கிழமை, கிரிக்கெட்டில் அவன் அணி ஜெயித்தது. மைதானத்தில் பீர் குடித்துவிட்டு, லாரியைக் கம்பெனியில் விடப் போயிருக்கிறான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அவன் கால்தான் சரியாக இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கார்ல்சன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். போலீஸிடம் பிரேக் என்று தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிறிஸ்துமஸ் கழிந்தது. ஜனவரியில் மறுபடி கூப்பிட்டார். மறுபடி டீ. மேசையில் அந்தத் தாள் இருந்தது.

"சவாயித் தென்கரை பூரா உங்க அக்கா ரொட்டிதான் ஓடுது, அபெராமோ. எங்க ரொட்டியை எவனும் தொட மாட்டேங்கிறான். உன் பையன் ஜெயிலுக்குப் போகணுமா, உங்க அக்கா ஓய்வெடுக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நான் டீயை முழுசாகக் குடித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பெதேலோ லூசியின் ஊரில், அவள் அண்ணன் தோட்டத்தில் இருக்கிறான். யாரோடும் பேசுவதில்லை. தாவிதாவைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினான். நான்தான் தடுத்தேன். போனால் எல்லாம் வெளியே வரும், முதலாளி சும்மா விட மாட்டார் என்று பயந்தேன்.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரே மகன் அக்கா.

அபெராமோ

*

வாய்சினா
ஜூலை 8, 1983

தம்பி அபெராமோவுக்கு,

சுகமாக இரு. லூசியைச் சாப்பிடச் சொல்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன். முறிந்தது தாவிதாவின் கால். கார்ல்சனின் கால் அல்ல. நீ அடிபடாதவனோடு சமாதானம் செய்துகொண்டாய். அதற்கு விலையாக உன்னுடையது அல்லாததைக் கொடுத்தாய். அடிபட்டவன் வீட்டில் ஒரு தாய் தினம் காலையில் வாசலைப் பார்க்கிறாள். இத்தனை மாதமாக நம் குடும்பத்திலிருந்து ஒரு நிழல்கூட அங்கே விழவில்லை. வேறு எந்தத் தீவுக்காரனும் செய்யலாம். நம் ஆள் செய்யலாமா? சின்னப் பிள்ளைக்குத் தெரியும் முறை. டீக்கோப்பையைக் கண்டதும் மறந்துவிட்டாய்.

வழி ஒன்றுதான். இஃபோங்கா. கிழக்கு வெளுக்கும்போது அவர்கள் வாசலில் போய், தலைமேல் சீர்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று முன்னால் கல்லும் விறகும் இலையும் வைக்க வேண்டும். அவர்கள் வந்து பாயை எடுத்தால் எழுந்திருப்போம். எடுக்காவிட்டால் உட்கார்ந்திருப்போம். கத்தி எடுத்தால் அதுவும் அவர்கள் உரிமை.

பாய் இல்லை என்று எழுதாதே. மரியாவின் கல்யாணத்துக்கென்று நான் வருஷக்கணக்கில் பின்னிய பாய் இருக்கிறது. பட்டுத் துணி போல மடியும். அதைக் கொண்டுவருகிறேன். மரியா பிறகு என்னோடு சண்டை போடட்டும்.

விறகும் இலையும் நீ பார். கல் நான் கொண்டுவருகிறேன். அடுப்பு வாயின் வளைவில் மூன்று கல் இருக்கிறது. இன்று காலை கடப்பாரை வைத்து நெம்பி எடுத்துவிட்டேன். கார்ல்சன் மூடச் சொன்னபோது மூடாத அடுப்பு இப்போது வாய் கிழிந்து நிற்கிறது. ஃபலேதோ பார்த்தான். வேலியைத் தாண்டி வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டான்.

நான் எதற்கு வர வேண்டும், தவறு செய்தது நீங்கள் அல்லவே என்று நீ எழுதுவாய். பெதேலோ என் மருமகன். அவன் குடித்த பீரில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்று. நான் உன்னோடு குனிவதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. அது வேறு கணக்கு. இது முதலில்.

அடுத்த சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன்.

செனெதிமா

*

அபியா
ஜூலை 13, 1983

அக்கா,

சனிக்கிழமை கப்பல்துறையில் நிற்பேன். பெதேலோவும் நிற்பான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையை மழித்துக்கொண்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

அபெராமோ

*

அபியா
ஆகஸ்ட் 22, 1983

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக ஊர் சேர்ந்ததாக சாமு சொல்லி அனுப்பினான். முழங்கால் எப்படி இருக்கிறது? அன்று அவ்வளவு நேரம் சரளைக் கல்லில் உட்கார்ந்தீர்களே. லூசி மறுபடி எண்ணெய் அனுப்பியிருக்கிறாள். மரியா சுகம், பாய்க்காகச் சண்டை போடவில்லை. பெதேலோ சுகம்.

பாயின் கீழே இருந்த நமக்கு ஒன்றும் தெரியவில்லை. தெருவில் நின்ற லூசி பார்த்ததை இப்போதுதான் சொன்னாள். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வெளியே வந்தது தாவிதாவின் அண்ணனாம். கையில் வெட்டுக்கத்தி. நேராகப் பெதேலோ பக்கம் வந்து, பாய்க்கு மேலே ஓங்கினானாம். லூசி கண்ணை மூடிக்கொண்டாள். திண்ணென்று ஒரு குரல் கேட்டதே, நினைவிருக்கிறதா? "ஓங்குனது போதும், வாழைத் தோட்டத்துல போய் வெட்டு!" அது அவர்கள் அம்மா. அந்த அம்மா நம்மைப் பார்க்கவே இல்லையாம். நேரே கல்லிடம் போனாள். ஒன்றைத் தூக்கினாள். மூக்கருகே வைத்தாள்.

"இது தரையில கிடந்த கல்லு இல்ல" என்றாளாம். "இதுல ரொட்டி வாசம் வருது."

பெனினா ஓடி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது அந்தக் கோபக்காரக் கிழவி அடுப்பு!" என்று கத்தினாளாம். அப்புறம்தான் பாய் தூக்கப்பட்டது. மீதி உங்களுக்குத் தெரியும். கல்லை நீங்கள் திரும்பக் கேட்டபோது அந்த அம்மா சொன்னதும் தெரியும். "கல்லு என்கிட்ட இருக்கட்டும். என் மகன் நடக்கட்டும். நடந்து வந்து அவனே குடுப்பான்."

நீங்கள் போன பிறகு நடந்தவை. பெதேலோ தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னான். நான் கூடப் போனேன், ஆனால் வெளியேதான் உட்கார்ந்தேன். அவன்தான் உள்ளே போனான். தாவிதாவின் அண்ணன் கோர்ட்டில் எழுந்து, பாய் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, எங்களுக்குள் பகை இல்லை என்று சொன்னான். நீதிபதி ஜெயில் வேண்டாம் என்றார். ஒரு வருஷம் தாவிதா குடும்பத்துத் தோட்டத்தில் பெதேலோ வேலை செய்ய வேண்டும். ஓட்டுநர் உரிமம் போயிற்று.

பிறகு நான் கார்ல்சனிடம் போனேன். டீ வந்தது. தொடவில்லை.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அபெராமோ" என்றார்.

"சரிங்க முதலாளி. பிரேக்கு பிடிக்கலைன்னு போலீசுல சொன்னது நீங்க. பிடிச்சுதுன்னு பெதேலோ சொல்லிட்டான். இனி அவங்க உங்களைத்தான் கேப்பாங்க."

நான் தொடாத கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் அம்மா உசிரோட இருந்தா என்னை விளக்குமாத்தால அடிச்சிருப்பா" என்றார். பிறகு, "உங்க அக்காவுக்கு என்னதான்யா வேணும்? கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். பாயின் கீழே உங்களிடம் ஒன்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை.

உங்கள் தம்பி,
அபெராமோ

*

வாய்சினா
செப்டம்பர் 5, 1983

தம்பி அபெராமோவுக்கு,

சுகம். எண்ணெய் வந்தது. முழங்கால் என்னோடு பேசுவதில்லை, ஆனாலும் நடக்கிறது. லூசி, மரியா, பெதேலோ, நாய், எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

பாயின் கீழே நீ கேட்டது எனக்குக் கேட்டது. "அக்கா, கோபம் தீந்துச்சா?" என்றாய். தலைக்கு மேலே ஒருவன் கத்தியோடு நிற்கிறான், அப்போது கேட்கிறாய். "வாயை மூடு, பாய் அசையுது" என்றேன். அதுவும் ஒரு பதில்தான். முழுப் பதில் கீழே இருக்கிறது.

அடுப்பு இன்னும் வாய் திறந்தே நிற்கிறது. மூன்று கல் இல்லாத அடுப்பில் சூடு நிற்காது. வேறு கல் வைக்கலாமே என்று ஃபலேதோ சொன்னான். கூடாது. அக்டோபர் ஒன்பதாம் தேதி வெள்ளை ஞாயிறு. பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கோவிலில் வசனம் சொல்வார்கள். அவர்களுக்குத் தேங்காய்ப்பால் பன் என் அடுப்பிலிருந்துதான் போக வேண்டும். என்னைப் பார்த்துப் பாட்டுக் கட்டிய கழுதைகளுக்கும் சேர்த்துத்தான். அதற்குள் நடக்க வேண்டியவை இவை.

கார்ல்சன்: பிரேக் விஷயத்தில் தான் சொன்னது பொய் என்று போலீஸில் தானே போய்ச் சொல்ல வேண்டும். தாவிதாவுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும், டின் மீன் அல்ல. மற்றக் கடைகளுக்கு என்ன விலையோ அதே விலைக்கு எனக்கும் மாவு தர வேண்டும். தன் ரொட்டியைக் கப்பல்துறையில் அவர் தாராளமாக விற்கலாம். நல்ல ரொட்டி சுட்டால் என் ஊரிலும் விற்கட்டும், நான் தடுக்க மாட்டேன். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். குறுக்கே கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பட்டும். பன் தட்டுக்கு அடியில் விரிக்க உதவும்.

லூசி: தாவிதாவின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு அல்ல. எண்ணெய் காய்ச்சிக்கொண்டு.

மரியா: தட்டச்சு தெரியுமல்லவா? உரிமத்தில் உன் பெயரோடு என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனு அடித்துக்கொடுக்க வேண்டும். பாய்க்குப் பதில் பாய் பின்னத் தொடங்கிவிட்டேன் என்று அவளிடம் சொல்.

பெதேலோ: தாவிதா குடும்பத்திடம் விடுப்புக் கேட்டு, அக்டோபர் முதல் வாரம் இங்கே வந்து அந்தக் கிறிஸ்துமஸ் கட்டைகளைப் பிளக்க வேண்டும். பிறகு கப்பல்துறைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

தாவிதா: கல்லைக் கொண்டுவர வேண்டும். ஊன்றுகோலோடு நடக்கிறான் என்று பெனினா எழுதியிருக்கிறாள். கப்பலிலிருந்து இறங்கும்போது சாக்கைப் பெதேலோ வாங்கிக்கொள்ளட்டும். அடுப்பு வரை பெதேலோ சுமக்கட்டும். வாயில் வைத்துப் பூசுவது மட்டும் தாவிதாவின் கை.

சாமு: அவர்களைப் பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார வைக்க வேண்டும். கூட்டம் என்று வழக்கம்போல மடியில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது, அந்தக் கால் பத்திரம்.

ஃபலேதோ: தேங்காய் துருவ வேண்டும். வாய் பேசாமல்.

நான்: மாவு பிசைவேன்.

நீ: சனிக்கிழமை, எட்டாம் தேதி, கிழக்கு வெளுக்கும்போது என் வாசலில் வந்து உட்கார வேண்டும். அங்கே குனிந்தது தாவிதாவுக்கு. எனக்கு இன்னும் நீ குனியவில்லை. போர்த்திக்கொள்ளப் பாய் கிடையாது, அது தென்கரைக்குப் போய்விட்டது. வெறும் தலையோடு உட்கார். ஊர் பார்க்கும். பார்க்கட்டும், கல்லைச் சுட்டபோது என்னையும் பார்த்தது.

நான் உடனே வெளியே வர மாட்டேன். கூப்பிடாதே. அடுப்பு சூடேற நேரமாகும். முதல் தட்டு வெந்து இறங்கட்டும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன்.

உன் அக்கா,
செனெதிமா